நீலம் மேலே

அமரர் ஊர்தி ஓட்டுநர் மூன்றாவது முறையாக ஹார்ன் அடித்தபோது, அவள் வேன் சாவியை இடுப்பில் இன்னும் அழுத்திச் செருகிக்கொண்டாள்.

கேட்டுக்குக் குறுக்கே அவளுடைய பள்ளி வேன் நின்றது. ஊர்தி உள்ளே வந்து நின்ற கையோடு, அழுதுகொண்டிருந்தவள் எழுந்து போய், வேனை எடுத்து, ஒரு சைக்கிள்கூடப் புக முடியாதபடி நிறுத்திவிட்டு, திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இருபத்திரண்டு வருடமாக ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். எந்தச் சந்திலும் ஒரு விரல் இடைவெளியில் வண்டியைச் சொருகத் தெரிந்தவள். அந்தக் கைத்திறமை எல்லாம் இன்றைக்குப் புருஷனை வெளியே விடாமல் தடுப்பதற்குப் பயன்பட்டது.

"அண்ணி, சாவியக் குடுங்க." கொழுந்தன் குனிந்து காதோடு சொன்னான். "நாலரைக்கு மயானத்துல இருக்கணும். தவற விட்டா நாளைக்குத்தான்ம்பாங்க."

"நாளைக்கே ஆகட்டும்."

"வெயிலப் பாத்தீங்களா? ஆளுங்க எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

"நிக்க முடியாதவங்க போகட்டும். உங்கண்ணனுக்கு என்ன, குளிர்பெட்டிக்குள்ள சுகமாத்தான் இருக்காரு. முப்பத்தேழு வருஷம் பழகின குளிர்."

"யாருக்காக இப்படி உக்காந்திருக்கீங்க?"

"டைரக்டர் வரட்டும்."

கொழுந்தன் மகளைப் பார்த்தான். மகள் கையை விரித்தாள். நேற்றுக் காலை சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போன மனுஷன் டம்ளரோடு சாய்ந்ததிலிருந்து அம்மா ஒரு சொட்டு காப்பி குடிக்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான். அப்பா வேலை பார்த்த நிலையத்து டைரக்டர் வருவாரா, எப்போது வருவார்.

வெளியே நிழல் பார்த்து நின்ற கடல் ஆராய்ச்சி நிலையத்து ஆட்களுக்கும் அது புரியவில்லை. ஒரு உதவியாளர் சாவுக்கு டைரக்டர் வந்தே ஆக வேண்டுமா? அதுவும் இந்த உதவியாளர் சாவுக்கு? அவர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில் "தலைகீழ் நல்ல மனுஷன்யா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் காதில் விழுந்தது. அவள் காது அந்த ஒரு சொல்லுக்காகவே இருபத்தாறு வருடமாகத் திறந்திருந்தது.

தலைகீழ். இதுதான் அவருக்கு நிலையத்தில் பெயர்.

கப்பல் கடலடியைத் துளைத்து நீளக் குழாய்களில் மண்ணை எடுத்துவரும். அதற்குக் கோர் என்று பெயர். குழாயை ஆள் கை விரித்த அளவுக்குத் துண்டு துண்டாக வெட்டிக் குளிர் அறையில் அடுக்குவார்கள். கீழே போகப் போகப் பழைய காலம். அவர் அந்த மண்ணை நெடுக்காகப் பிளந்து, கரைத்து, சலித்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மூன்று மயிர்த் தூரிகையை ஈரமாக்கி, மணல் பருக்கையைவிடச் சின்ன ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கறுப்புத் தட்டில் ஒட்டுவார். கடலடிச் சேற்றில் வாழ்ந்து செத்த ஒற்றைச் செல் பிராணிகளின் ஓடுகள். கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள், இதைப் பொறுக்கி என்ன குழம்பா வைக்கப் போறாங்க என்று. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

டைனோசர்கள் தொலைந்து ஒரு கோடி வருடம் கழித்து, பேலியோஜீன் என்கிற காலத்தில், பூமிக்குத் திடீரென்று ஜுரம் வந்ததாம். இன்றைக்கு ஐந்தரைக் கோடி வருடத்துக்கும் முன்னால். துருவத்தில்கூடப் பனி இல்லை. கரையில் ஆளாளுக்குப் புதுப் பிராணிகள் கிளம்பிச் செழித்தன. கடலடியில் மட்டும் மூச்சு முட்டிக் கும்பல் கும்பலாகச் செத்தன. மண்ணில் அது செங்கல் நிறத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். பட்டைக்குக் கீழே குண்டுகுண்டாக, வகைவகையாக ஓடுகள். பட்டைக்கு மேலே நோஞ்சானாக நாலைந்து வகை. "நடுவுல இந்தச் செவப்பு இருக்கு பாரு, அதுதான் சாவு" என்று போட்டோவைக் காட்டினார். சாவு இரண்டு விரல்கடைதான் இருந்தது.

கடலடி மண்ணுக்கு மேல் எது, கீழ் எது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் குழாய் கப்பலில் ஏறியதுமே மேல்முனைக்கு நீல மூடி, கீழ்முனைக்கு வெள்ளை மூடி போட்டு, மூடியிலேயே எண்ணை எழுதிவிடுவார்கள். நீலம் மேலே. அந்தத் தொழிலில் இதற்கு மிஞ்சிய சட்டம் கிடையாது.

பதினேழாம் குழாய், ஏழாம் துண்டு. சிவப்புப் பட்டை இருந்த துண்டு. அவர்தான் பிரித்தார். நீலத்தை மேலே வைத்துப் பொறுக்கினார். நோஞ்சான்கள் கீழே வந்தன, குண்டர்கள் மேலே வந்தார்கள். அவருக்குச் சந்தேகம். அப்போது இளம் விஞ்ஞானியாக இருந்த டைரக்டரிடம் போய், பக்கத்துத் துண்டோடு பொருந்தலையே சார் என்றார். நீலம் எங்க இருக்கு என்று டைரக்டர் கேட்டார். மேலே. அப்புறம் என்ன?

அப்புறம் கட்டுரை வந்தது. சூடு ஏறினால் கடலடி அழியாது, செழிக்கும் என்று கட்டுரை. பேப்பரிலெல்லாம் படம். பயப்படாதீர்கள், பூமிக்கு இது பழக்கம்தான் என்று பேட்டி. இரண்டு வருடம் கழித்து வேறு நாட்டு ஆட்கள் வந்து, அந்தத் துண்டு தலைகீழாகக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். விசாரணை வைத்தார்கள். கப்பலிலிருந்து சரியாக வந்த துண்டை உதவியாளர் மேசையில் திருப்பிப் போட்டுவிட்டார் என்று எழுதி, அவர் தலையில் கட்டிக் கையைக் கழுவினார்கள். டைரக்டர் திருத்திய கட்டுரை ஒன்று எழுதினார். தப்பை ஒப்புக்கொண்ட நேர்மையாளர் என்று அதற்கும் கைதட்டினார்கள். தப்புக்கு ஒரு கைதட்டல், திருத்தத்துக்கு ஒரு கைதட்டல். அவள் புருஷனுக்கு ஒரு பட்டப்பெயர்.

அன்றிலிருந்து அந்த மனுஷன் வீட்டில் எதையும் நம்பவில்லை. மெத்தையின் தலைமாட்டில், தண்ணீர் டிரம்மில், அட்டைப்பெட்டிகளில், மகளுடைய பள்ளிப் பெட்டியில் எல்லாம் நீல பெயின்டில் ஒரு பொட்டு. மகளுக்குப் பத்து வயதில் ஏதோ சண்டை. "போப்பா, நீ தலைகீழ்தானே" என்று கத்திவிட்டாள். பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்தது. அவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அன்றைக்கு அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. சத்தியம் வாங்கியிருந்தார், படுபாவி.

"அம்மா, அவர் வந்துட்டாரு" என்றாள் மகள்.

டைரக்டர் பக்கத்துச் சின்னக் கேட் வழியாக வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கையில் பெரிய மலர்வளையம். பின்னால் அவருடைய ஆய்வு மாணவி, ஒல்லியான பெண், வெயிலில் முகம் சிவந்துபோய். டைரக்டர் வராந்தாவில் இருந்த குளிர்பெட்டிமேல் வளையத்தை வைத்து, கண்ணை மூடி, சரியாக எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"பெரிய இழப்பும்மா. எங்களுக்கெல்லாம் குடும்பத்துல ஒருத்தர் மாதிரி."

மூன்று மாதத்துக்கு முன் பணி ஓய்வு விழாவில் இதே வாய் மைக்கில் பேசியதை அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். "இன்னைக்கு நம்ம ஆள் வீட்டுக்குப் போறாரு. நேரா நடந்து போறாரான்னு யாராவது கூடப் போய்ப் பாருங்க." அரங்கமே சிரித்தது. மேடையில் இருந்த அவள் புருஷனும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மண்ணு சரியாயிடுச்சுல்ல? மனுஷன் பேரு எப்படி இருந்தா என்ன?" என்றார்.

"உக்காருங்க சார்" என்றாள் அவள். "ஒரு பொருள் காட்டணும்."

எழுந்து போய் வேன் கதவைத் திறந்து, டாஷ்போர்டிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். அதற்குள்ளிருந்து பஞ்சு விலக்கி ஒரு நீல மூடியை எடுத்தாள். உள்ளங்கை அகலம். ஓரம் வெடித்திருந்தது. உள்பக்கம் காய்ந்த வெள்ளை மண் ஒட்டியிருந்தது. மேலே கறுப்பு மையில் எண்கள்.

டைரக்டர் அதைப் பார்த்தார். முகத்தில் இருந்த துக்கம் சட்டென்று நின்றுபோனது.

"இது எங்க இருந்துச்சு?" என்றார்.

இது என்ன என்று அவர் கேட்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள். இருபத்தாறு வருடமாக அவளுக்கு இருந்த ஒரே சந்தேகம் தீர்ந்தது. இந்த ஆளுக்குத் தெரியும்.

"குப்பை டிரம்முல. விசாரணை முடிஞ்ச அன்னைக்கே எங்க வீட்டுக்காரர் கையை விட்டுத் தேடி எடுத்தாரு."

"நாம உள்ள போய்ப் பேசலாமேம்மா."

"உள்ள பேசினது போதும் சார். உங்க விசாரணையும் உள்ளதான் நடந்துச்சு. வெளிய பேசலாம், வாங்க."

அவள் குரல் பள்ளி வேனில் ஐம்பது பிள்ளைகளை அடக்கிய குரல். முற்றத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். கொழுந்தன் "அண்ணி" என்று கையைப் பிடிக்க வந்தான். அவள் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான்.

"படிக்கிற பொண்ணு, நீ வாம்மா இங்க." அவள் மாணவியைக் கூப்பிட்டு மூடியைக் கையில் கொடுத்தாள். புருஷனின் சட்டை மாட்டியிருந்த ஆணியிலிருந்து அவருடைய கழுத்துக் கயிற்று லென்ஸையும் எடுத்துக் கொடுத்தாள். "உள்ள ஒட்டியிருக்கிற மண்ணப் பாரு. என்ன இருக்குன்னு சத்தமா சொல்லு."

மாணவி டைரக்டரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவளுக்கு ஆர்வமா பயமா தெரியவில்லை, வெயிலுக்கு நகர்ந்து லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, மூடியை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊர்தி ஓட்டுநர்கூட இறங்கி வந்து நின்றான்.

"குண்டு ஓடுங்க இருக்கு. ரெண்டு மூணு வகை நல்லாத் தெரியுது." அவள் தயங்கினாள். "இதெல்லாம் அழிஞ்சு போன வகை."

"எங்க இருக்கும்?"

"செவப்புக்குக் கீழ மட்டும்தான். மேல ஒண்ணுகூட வராது."

"அப்ப இந்த மூடி குழாயில எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"கீழ்ப்பக்கம்." சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணுக்கே விளங்கியது. "நீல மூடியக் கீழ்ப்பக்கம் போட்டிருக்காங்க. கப்பல்லயே."

"போட்டது யாரு? எழுத்தப் பாரு."

மாணவி மூடியைத் திருப்பினாள். பதினேழு, ஏழு. ஏழுகளின் இடுப்பில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. டைரக்டர் திருத்திக் கொடுத்த அவளுடைய ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக அந்த ஏழு சிவப்பு மையில் விழுந்திருக்கிறது. அவள் மூடியை டைரக்டரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

"ராத்திரி ஷிஃப்ட்" என்றார் கடைசியில். "புயல். ரெண்டு நாள் தூக்கம் இல்ல. இப்ப இதச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? அவரே போயிட்டாரு."

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாளோ என்னவோ. அதுவரை அடக்கியது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது.

"அஞ்சரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத பூச்சி செத்துச்சு. அது எப்பச் செத்துச்சு, எதனாலச் செத்துச்சு, காரணம் யாருன்னு நாடு நாடாப் போய்ப் பேசுறீங்களே, அதச் சொல்லி என்ன ஆகப்போகுது? அதுங்க எந்திரிச்சு வரப்போகுதா? இருபத்தாறு வருஷம் சார். ஒரு பதவி உயர்வு கிடையாது. புதுசா வர்ற பொடிப்பசங்ககூட தலைகீழ்னு கூப்பிட்டாங்க. என் பொண்ணு கூப்பிட்டா. நீங்க மைக்குல கூப்பிடாத குறைதான். கதவச் சாத்திட்டு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, தப்பு உன்னது இல்லப்பான்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே. அதுக்குமா வாய் வலிச்சுது?"

டைரக்டரின் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. அவர் சுற்றி நின்ற தன் ஆட்களைப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தவறு நடந்திருக்கு" என்றார்.

"யாரால?"

"அந்தச் சூழ்நிலையில..."

"யாரால சார்?"

"என்னால."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"என்னால!" அவர் குரல் உடைந்து உயர்ந்தது. "மூடியப் போட்டது நான். அவர் பொருந்தலைன்னு சொன்னாரு. கேக்காதவனும் நான். அவர்மேல தப்பே இல்ல. போதுமா?"

போதவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். இருபத்தாறு வருடம் நெஞ்சில் வைத்து வளர்த்த நாளில் வந்து விழுந்தது இந்த நாலு வார்த்தைதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தெருவில் ஐஸ்க்ரீம் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"அவருக்குத் தெரியுமா?" டைரக்டர் தணிந்த குரலில் கேட்டார். "இத வச்சுக்கிட்டே தினமும் எனக்குக் குட் மார்னிங் சொன்னாரா?"

"சொன்னாரு. நான் இருக்கிற வரைக்கும் வாயத் திறக்காதன்னு என்கிட்ட சத்தியமும் வாங்கினாரு."

"ஏன்?"

"என் கண்ணு ஒண்ணு சொல்லுச்சு, நான் மூடிய நம்பிட்டேன், அந்தத் தப்பு என்னதுதானேன்னாரு." அவள் குளிர்பெட்டியைப் பார்த்துத் திரும்பினாள். இப்போது கோபம் முழுக்க அந்தப் பக்கம் போனது. "பாத்தியாய்யா? கேட்டா சொல்லியிருப்பாரு. நீ ஒரு தடவ கேட்டிருந்தா போதும். நல்லவனாம் நல்லவன். என்னையும் வாயக் கட்டிப்போட்டு, பெத்த பொண்ணு வாயால கேட்டு, சிரிச்சு... உன் நல்லதனத்துல இடி விழ."

மகள் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் அழவில்லை. படியிறங்கி, மாணவியிடமிருந்து மூடியை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்ப வராந்தா ஏறி, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிமேல் நெற்றியை வைத்து என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை.

மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது. அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். வேனில் ஏறி, ஒரே வளைவில் தெருவோரம் ஒதுக்கினாள்.

ஊர்தி ஆட்கள் அவரைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். பலகையை மேலே வைத்து ஆணி அடித்தார்கள். நாலு பக்கமும் ஒரே அளவான, பாலிஷ் போடாத, சாதாரணப் பெட்டி. தூக்குவதற்கு டைரக்டரும் வந்து நின்றார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனால் புருஷன் எடை கூடுதல், ஆள் குறைவு. அவர் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்.

தூக்கி இரண்டடி நகர்ந்து, வாசலில் முட்டி, திரும்பி, மறுபடி திரும்பி முற்றத்துக்கு வந்ததும் எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

"தலைமாடு எந்தப் பக்கம்?" ஓட்டுநர் கேட்டான். "தலைதான் முதல்ல வண்டிக்குள்ள போகணும்."

"இந்தப் பக்கம்" என்றான் கொழுந்தன்.

"இல்லப்பா, வாசல்லயே திருப்பிட்டோம்" என்றான் இன்னொருவன்.

பெட்டி தோள்களில் ஆடியது. ஒருவருக்கும் நிச்சயமில்லை. யாரோ கெட்ட நேரத்தில் சிரித்துவிடப் போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் சிரிக்கவில்லை.

"கீழ வைங்க" என்றாள்.

வைத்தார்கள். ஆணி அடித்தவனின் சுத்தியலை வாங்கிக்கொண்டு, "திறங்க" என்றாள். பலகையைப் பெயர்த்து ஒரு சாண் உயர்த்தினார்கள். அவள் குனிந்து பார்த்தாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். மறுபடி மூடச் சொன்னாள். மகளிடம் கையை நீட்டினாள்.

மகள் நீல மூடியைக் கொடுத்தாள்.

"அம்மா" என்றார் டைரக்டர். "அது ஒண்ணுதான் சாட்சி. நிலையத்துல வச்சு முறைப்படி எழுத்துல..."

"சாட்சியா? இங்க நாப்பது பேரு நிக்கிறாங்க. முறைப்படி எழுதுறது உங்க வேலை. எழுதுங்க. நாளைக்கே எழுதுங்க. எழுதலைன்னா வேனை எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும்."

அவள் மண்டியிட்டு, தலைமாட்டுப் பலகையின் நடுவில் மூடியை வைத்து, ஏழுகள் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஒரே ஆணியை நாலு அடியில் இறக்கினாள். உள்ளே இருந்த வெள்ளை மண் கொஞ்சம் உதிர்ந்து அவள் முழங்காலில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.

பெட்டியைத் தூக்கினார்கள். ஊர்தியின் கதவுக்கு நேரே வந்ததும் ஓட்டுநர் கையைக் காட்டி நிறுத்தினான். அவனுக்கு இந்தக் கதை ஒன்றும் முழுதாக விளங்கியிருக்கவில்லை. குனிந்து, நீலம் முன்னால் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"சரியாத்தான் இருக்கு" என்றான். "ஏத்துங்க."